இலக்கியக் கேள்வி – பதில்: ஃபெராரா கோமகன்

கேள்வி: ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கின் ‘மை லாஸ்ட் டச்சஸ்’ கவிதை எங்களுக்குப் பாடம். ஃபெராரா கோமகன் ஒருவன், இறந்த மனைவியின் ஓவியத்தை விருந்தாளிக்குக் காட்டிப் பேசுகிறான். அவன் மனைவியைக் கொன்றான் என்கிறார்கள். கவிதையில் அப்படி ஒரு வரியே இல்லையே?
– ஆங்கில இலக்கிய மாணவி, கரூர்

பதில்: இல்லைதான். 45, 46ஆம் வரிகளைப் பாருங்கள். உத்தரவிட்டேன், புன்னகையெல்லாம் ஒரேயடியாக நின்றது என்கிறான், அவ்வளவே. யாருக்கு உத்தரவு, என்ன உத்தரவு, மூச்சு விடுவதில்லை. அடுத்த வரியில், ‘எழுந்திருக்கிறீர்களா?’ என்று விருந்தாளியைக் கிளப்புகிறான். பின்னாளில் பிரௌனிங்கிடமே கேட்டபோது, கொல்லச் சொன்ன உத்தரவு என்றார். சற்று யோசித்து, கன்னியர் மடத்தில் அடைத்திருக்கவும் கூடும் என்றார். ஆகவே தேர்வில் ‘கொன்றான்’ என்று அடித்து எழுதாதீர்கள். ‘கொல்ல உத்தரவிட்டதாகத் தோன்றுகிறது’ என்று எழுதி, இந்த வரிகளைச் சான்று காட்டுங்கள்.

கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். வந்திருப்பவர் ஒரு பிரபுவின் தூதர். அந்தப் பிரபுவின் மகளைத்தான் கோமகன் அடுத்து மணக்கப் போகிறான். சீதனப் பேச்சும் நடக்கிறது. எனவே இதைக் குற்ற ஒப்புதல் என்று படித்தால் தவறும். வரப்போகிறவள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லியனுப்புகிறான் என்பதே என் வாசிப்பு. இறந்தவள் செய்த குற்றம்தான் என்ன? அந்திச் சூரியன், யாரோ ஒடித்துத் தந்த செர்ரிக் கிளை, அவள் ஏறிச் சுற்றிய வெள்ளைக் கோவேறு கழுதை, அவன் தந்த 900 ஆண்டுப் பெருமை கொண்ட குலப்பெயர், எல்லாவற்றையும் அவள் ஒரே மாதிரி மகிழ்ந்து ஏற்றாள். கண்டித்திருக்கலாமே என்றால், அது தான் தாழ்ந்துபோவதாகுமாம். இப்போது ஓவியத்தின் திரையை அவனைத் தவிர வேறு யாரும் விலக்குவதில்லை. யாரைப் பார்த்து அவள் முகம் மலர வேண்டும் என்பதை இனி அவனே முடிவு செய்வான்.

கேள்வி: இது நடந்த கதையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பாதி. கவிதையின் கோமகனுக்கு மூலம் என்று கருதப்படுபவர், இத்தாலியின் ஃபெராராவை ஆண்ட இரண்டாம் அல்போன்ஸோ. அவர் 1558இல் லுக்ரேசியா தெ மெடிச்சியை மணந்தார். லுக்ரேசியா 1561இல், 16 வயதில் இறந்தார். விஷம் என்று வதந்தி. காசநோய் என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. 1565இல் அல்போன்ஸோவுக்கு ஆஸ்திரியாவின் பார்பராவுடன் மறுமணம். கவிதையில் வரும் ஓவியர் ஃப்ரா பாண்டால்ஃபும் சிற்பி கிளாஸும் கற்பனை. 1842இல் கவிதை முதலில் வெளிவந்தபோது ‘இத்தாலி’ என்றுதான் தலைப்பு.

கேள்வி: இந்தக் கவிதையைக் கல்லூரி விழாவில் வாசிக்கிறேன். ஒத்திகையில் குழந்தைப் பாட்டு மாதிரி ஒலிக்கிறது. என்ன செய்ய?
– மாணவர், திருநெல்வேலி

பதில்: 56 வரிகள், 28 ஈரடிகள். ஒவ்வோர் ஈரடிக்கும் ரைம் உண்டு. நீங்கள் வரி முடிவில் நிறுத்துகிறீர்கள், அதுதான் சிக்கல். வாக்கியங்கள் பல வரி நடுவில்தான் முடிகின்றன. பென்சிலால் நிறுத்தற்குறிகளை மட்டும் வட்டமிட்டு, அங்கே மட்டும் மூச்சு வாங்குங்கள். ரைம் தானாகக் காதில் விழும். அதை அழுத்த வேண்டாம்.

வில்லன் குரல் வேண்டவே வேண்டாம். விருந்தினருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும் பெரிய மனிதரின் சாவகாசம் போதும். உத்தரவு வரியில் வேகம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அங்கே நாடகத்தனமாக நிறுத்தினால், அவனுக்கு உறுத்தல் இருப்பதாக அர்த்தமாகிவிடும். கடைசியில் கடற்குதிரையை அடக்கும் கடல் தெய்வம் நெப்டியூனின் வெண்கலச் சிலை வருகிறது. அந்த வரி ‘எனக்காக’ என்று முடிகிறது. குரலில் சின்ன அழுத்தம் கொடுப்பதானால் அந்தச் சொல்லுக்கு மட்டும் கொடுங்கள்.