உற்பத்திக் கணக்கில் வராத கிணறு

அன்புள்ள ஐயா,
தென்னாசிய நகரங்களின் குடிநீர் உற்பத்தியை ஒப்பிடும் அட்டவணையொன்றைப் பார்த்தேன். மட்டக்களப்பில் உற்பத்தி ஆண்டுதோறும் கூடுகிறது. ஆயினும் சென்னை, டாக்காவோடு பார்த்தால் கடுகளவுதான். நாம் பின்தங்கியே இருக்கிறோமா?
ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

மக்கள்தொகையால் வகுக்காத தொகைகளை ஒப்பிடுவதில் பொருளில்லை, அதை விட்டுவிடுவோம். உற்பத்தி என்பது சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு வெளியேறும் நீரின் அளவு மட்டுமே. இலங்கையில் அதில் ஏறத்தாழக் காற்பங்கு கசிவாலும் களவு இணைப்புகளாலும் கட்டணப் பட்டியலுக்கு வராமலே போகிறது. 1993 இல் 72 சதவீதத்தை இழந்துகொண்டிருந்த கம்போடியத் தலைநகர் புனோம் பென், குழாய்களை மாற்றியும் எல்லா இணைப்புகளுக்கும் மானி பொருத்தியும் அவ்விழப்பைப் பத்து சதவீதத்துக்குக் கீழே இறக்கியது. அப்படி மீட்ட நீரும் வீடுகளுக்குத்தான் போகிறது. உற்பத்தி நிரலில் மட்டும் அது தெரிவதில்லை.

நமது கூடுதலையும் நிதானமாகவே வாசிக்க வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள எழுவான்கரை மணலில், வளவுக்கொரு கொட்டுக்கிணறு தலைமுறைகளாகத் தண்ணீர் தந்தது. அதை எந்தச் சபையும் எழுதி வைக்கவில்லை. உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வந்தபின், குடிக்கவும் சமைக்கவும் குழாய், குளிக்கவும் துவைக்கவும் கிணறு என்று பல வீடுகள் பிரித்துக்கொண்டன. கிணற்றை விட்டுக் குழாய்க்கு மாறிய ஒவ்வொரு வாளியும் அறிக்கையில் வளர்ச்சியாகிறது; அந்த வீட்டார் முன்னிலும் அதிகமாகத் தண்ணீர் புழங்குகிறார்கள் என்று அதற்குப் பொருளில்லை. (மலக்குழிக்கருகே கிணறு வைத்திருப்போருக்கு இந்த மாற்றம் நல்லதுதான்.)

பெரிய தொகை உறுதியான தொகையுமல்ல. டாக்காவின் நீரில் பெரும்பகுதி ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து வந்ததால் அங்கு நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுக்கு இரண்டு மீற்றருக்கு மேல் இறங்கியது. சென்னையில் இரண்டு கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்கியும் 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது மக்கள் லொறித் தண்ணீருக்குக் காத்து நின்றனர். மாலைதீவின் தலைநகர் மாலேயில் 2014 டிசம்பரில் சுத்திகரிப்பு ஆலையில் தீப்பிடித்ததும் இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போக வேண்டியதாயிற்று. நாளுக்கு 170 மில்லியன் லீற்றர் தரவேண்டிய காத்மண்டுவின் மேலம்சித் திட்டமோ, நீர் வந்துசேர்ந்த 2021 ஆம் ஆண்டிலேயே வெள்ளத்தில் சேதமுற்றது.

ஆகவே ஆண்டுத் தொகையை விட்டு மாதத் தொகையைக் கேளுங்கள். மழை ஓய்ந்து பல மாதங்களான ஆகஸ்டில் கிணறுகள் இறங்கி, சில இடங்களில் உவர்க்கவும் தொடங்க, எல்லா வீடுகளும் ஒருசேரக் குழாயைத் திறக்கின்றன. குளத்து நீர்மட்டம் தாழ்வதும் அதே மாதத்தில்தான். அந்த மாதத்தில் களுவாஞ்சிக்குடிக் குழாயில் எத்தனை மணி நேரம் நீர் வருகிறது என்பதையே நான் டாக்காவோடு ஒப்பிடுவேன்.