எம்.எஸ்ஸி. உளவியல் முடித்தவுடன் ஆலோசனை மையம் வைக்கலாமா?

“பி.எஸ்ஸி. உளவியல் முடிக்கப் போகிறேன். எம்.எஸ்ஸி.யும் படித்துவிட்டால் ஆலோசனை மையம் வைத்து, மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்டிக்கொள்ளலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாட்ட முடியாது. அந்தப் பெயருக்கு ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். பதிவில்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால், 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்; சிறையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது எம்.எஸ்ஸி. கடைசிப் பருவத்தில். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு ஒரு தனியார் பள்ளியில் ஆலோசகர் வேலை. மாதம் 14,000 ரூபாய். கணக்கு ஆசிரியை விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பில் போய் உட்காருவது நான்தான். விளையாட்டுச் சாமான் அறையில் பாதியைத் தடுத்து எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு பெண் அழத் தொடங்கும் நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் “மிஸ், வாலிபால்” என்று நிற்பான். இரண்டு ஆண்டுகள் தாங்கினேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பதிவுக்கு வழிசெய்யும் மருத்துவ உளவியல் எம்.ஃபில்.

அந்தப் படிப்பின் சாரம் மேற்பார்வைதான். முதல் வாரம் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணியின் கேஸ் எழுதினேன். நோயாளியின் முறையீடு என்ற இடத்தில் ‘மனச்சோர்வு, தூக்கமின்மை, பதற்றம்’ என்று மூன்றே சொல். மேற்பார்வையாளர் மேடம் படித்துவிட்டு, “இது அந்த அம்மா சொன்னதா, நீ சொல்வதா?” என்று கேட்டார். அந்த அம்மா சொன்னது வேறு: “நெஞ்சுக்குள் அடுப்பு எரிகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டால் அப்புறம் தூக்கமே இல்லை. பேரன் குரல்கூட எரிச்சலாக இருக்கிறது.” அந்த மூன்று மணி விழிப்பு நோயைக் கண்டறிய எவ்வளவு முக்கியமான தடயம்! என் ‘தூக்கமின்மை’ அதை விழுங்கிவிட்டிருந்தது. நோயாளியின் சொல்லிலேயே எழுதவேண்டும் என்று புத்தகத்தில் படித்துத்தான் இருந்தேன். ஐந்து ஆண்டுகள் ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகிய கைக்கு அது வரவில்லை. அந்தத் தாள் நான்கு முறை திரும்பி வந்தது.

குழந்தைகளின் அறிவுத்திறனைச் சோதிக்கும் செகுயின் பலகையிலும் அதே கதை. பத்து மரத்துண்டுகளை அவற்றின் குழிகளில் குழந்தை பொருத்தவேண்டும். மூன்று முறை செய்யவைத்து, மிகக் குறைந்த நேரத்தைக் கணக்கில் எடுப்போம். நான் ஸ்டாப்வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அமர்ந்திருந்த தாய், கண்ஜாடையாலேயே நட்சத்திரத்தின் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்ததை மேடம்தான் கவனித்தார்.

நான் போன பாதையே உங்களுக்கும் திறந்திருக்கும் என்று சொல்லமாட்டேன். 2020 தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தச் சொல்லிவிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு விலக்கு அளித்தது. எனவே படிப்பின் பெயரைப் பார்க்காதீர்கள். அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் ஆண்டில் ஆர்.சி.ஐ. ஒப்புதல் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். கல்லூரி விளம்பரத்தில் இருப்பது சாட்சியாகாது. தொலைநிலைக் கல்வியில் உளவியல் படிக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யுஜிசி அதை நிறுத்திவிட்டது.

வேலை என்று பார்த்தால் மருத்துவமனைகள், மாவட்ட மனநலத் திட்டம், 14416 என்ற அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண், சிறப்புப் பள்ளிகள் என்று இருக்கின்றன. முதல் சில ஆண்டுகள் சம்பளம் இழுபறிதான். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் கல்லூரிக்கு நேரில் போங்கள். துறைத் தலைவரைப் பார்ப்பது அப்புறம். முதலில் இரண்டாம் ஆண்டு மாணவர்களை கேண்டீனில் பிடியுங்கள். வாரத்துக்கு எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறீர்கள், எழுதியதை யார் திருத்துகிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தால், டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.