வெண்கலச் சிப்பாயும் லக்சம்பர்க் சர்வரும்

வணக்கம் சார்,

எஸ்டோனியா பழசையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு டிஜிட்டல் நாடா முன்னேறிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, ஓட்டு கூட இன்டர்நெட்லயே போடறாங்களாம். ஆனா போன வாரம் எனக்கு ஒரு வாட்ஸ்அப் வீடியோ வந்துச்சு, க்ரேன் வெச்சு ஒரு பழைய சோவியத் டாங்கியை தூக்கிட்டுப் போறாங்க, "ஹிட்லரை ஜெயிச்ச படையோட சின்னத்தை 2007ல உடைச்ச எஸ்டோனியா"ன்னு மேல எழுதியிருக்கு. கம்யூனிசம் போய் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் எதுக்கு சார் சிலை, டாங்கின்னு சண்டை? எங்க அப்பா கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், அவர் பாத்துட்டு ரொம்ப வருத்தப்பட்டார்.

— கோவையிலிருந்து ஒரு வாசகர்

---

அன்புள்ள நண்பருக்கு,

முதல்ல அந்த வீடியோ. அது 2007 இல்லைங்க. டாங்கியை எடுத்தது 2022 ஆகஸ்ட்ல, நார்வாங்கற ஊர்ல, அதுவும் உடைக்கலை, தலைநகர் டாலின் பக்கத்துல வீம்சியில இருக்கற போர் அருங்காட்சியகத்துக்கு கொண்டு போனாங்க. 2007ல நடந்தது டாலின் நகரத்துல, அது ஒரு வெண்கலச் சிப்பாய் சிலை. ரெண்டையும் ஒட்டி யாரோ ஒரு தலைப்பு போட்டு சுத்த விட்டிருக்காங்க, அது உங்க அப்பா போன் வரைக்கும் வந்திருக்கு.

அப்பாவோட வருத்தம் எனக்குப் புரியுது. எங்க வீட்லயும் "சோவியத் நாடு" பத்திரிகை வரும், அந்த வழவழா பேப்பர்லதான் எங்க நோட்டுக்கெல்லாம் அட்டை போடுவோம். அதுல செஞ்சேனைன்னா, அதாவது சோவியத் படைன்னா, விடுதலை, அவ்ளோதான். அதை படிச்சு வளர்ந்த யாருக்கும் ஒரு எஸ்டோனியக்காரர் அந்தச் சிலையை வேற மாதிரி பாப்பார்ங்கறதே தோணாது.

அவங்க எப்படி பாக்கறாங்கன்னா, 1940ல சோவியத் வந்து நாட்டையே சேத்துக்கிச்சு, 1941 ஜூன்ல ஏறக்குறைய பத்தாயிரம் பேரை ரயிலேத்தி ரஷ்யாவுக்குள்ள நாடுகடத்திட்டாங்க, அப்புறம் ஜெர்மன்காரன் வந்தான், 1944 செப்டம்பர் 22ல செஞ்சேனை டாலினுக்குள்ள திரும்ப வந்தப்போ அங்க நாலு நாள் முன்னாடிதான் ஒரு எஸ்டோனிய அரசாங்கம் அமைஞ்சிருந்தது, அதோட கொடி கோட்டை கோபுரத்துல பறந்துக்கிட்டு இருந்தது. திரும்ப 1949 மார்ச்ல இருபதாயிரம் பேருக்கு மேல சைபீரியா பக்கம் நாடுகடத்தினாங்க, பெரும்பாலும் பொம்பளைங்களும் குழந்தைங்களும். அதே செப்டம்பர் 22ம் தேதியில, 1947ல திறந்ததுதான் அந்த வெண்கலச் சிப்பாய் சிலை, அப்போ வெச்ச பேரு "டாலின் விடுதலை வீரர்கள்" நினைவுச்சின்னம். யாருக்கு விடுதலைன்னு கேட்டா அங்கதான் சண்டை. இன்னொண்ணு, அந்த இடத்துல முன்னாடி மரத்துல ஒரு சின்னம் இருந்தது, அதை 1946ல வெடி வெச்சு தகர்த்தது ரெண்டு ஸ்கூல் பொண்ணுங்க, அவங்களை முகாமுக்கு அனுப்பினாங்க, நாடு திரும்ப கிடைச்சப்புறம் அதே பொண்ணுங்களுக்கு அரசாங்கம் விருது குடுத்தது.

இப்போ ரஷ்ய மொழிக்காரங்க பக்கம் வாங்க. போருக்கப்புறம் வேலைக்கு வந்தவங்க, அவங்க பிள்ளைங்க, பேரங்க. அவங்க வீட்ல தாத்தா போட்டோ இருக்கும், மே 9, ஹிட்லரை ஜெயிச்ச வெற்றி நாள்னா, பூ எடுத்துட்டு அந்தச் சிலைக்குப் போவாங்க. 1991ல சுதந்திரம் திரும்ப வந்ததும், 1940க்கு முன்னாடி குடிமக்களா இருந்தவங்களும் அவங்க வாரிசுங்களும் தானா குடிமக்கள், மத்தவங்க மொழிப் பரீட்சை எழுதித்தான் ஆகணும்னு வெச்சாங்க, அதனால நிறைய பேர் எந்த நாட்டுக்கும் சேராம சாம்பல் கலர் பாஸ்போர்ட்டோட நின்னாங்க. சட்டப்படி அதுக்கு காரணம் இருந்தது, ஆனா பிறந்து வளந்த ஊர்லயே பரீட்சை எழுதுன்னா மனசு என்ன பாடுபடும், அதை அந்த அரசாங்கம் சரியா யோசிக்கலைன்னுதான் எனக்கு படுது.

இந்த ரெண்டு கூட்டமும் ஒரே தெருவுல இருந்துக்கிட்டு வேற வேற மொழி டிவி பாத்தாங்க, அதான் விஷயமே. 2007 ஏப்ரல்ல சிலையை ராணுவக் கல்லறைக்கு மாத்த வேலை தொடங்கினதும் ரெண்டு ராத்திரி கலவரம், கடைகளை உடைச்சாங்க, ஒருத்தர் செத்துப்போனார். சிலையை துண்டு துண்டா வெட்டிட்டாங்கன்னு வதந்தி வேற. உண்மையில சில நாள்லயே அது கல்லறையில முழுசா நின்னுச்சு, ஆனா அதை யார் பாத்தாங்க? அப்புறம் மூணு வாரம் போல இணையத் தாக்குதல், பேங்க், பத்திரிகை, அரசாங்க சைட் எல்லாத்துமேலயும் போலி ட்ராஃபிக்கை கொட்டி முடக்கினாங்க, வெளிநாட்ல இருந்து வர்ற இணைப்பையே அடைக்க வேண்டியதாச்சு. ஒரு சிலைக்காக ஒரு நாட்டோட இன்டர்நெட்டை அடிச்சது அதுக்கு முன்னாடி யாரும் பாக்காத சமாச்சாரம். அடுத்த வருஷமே நேட்டோ தன்னோட சைபர் பாதுகாப்பு மையத்தை டாலின்லதான் வெச்சுது.

இதனாலதான் "பழசை மறந்து டிஜிட்டல் ஆனாங்க"ங்கறது தப்புன்னு சொல்றேன். பழசை நினைச்சு நினைச்சுத்தான் அவங்க டிஜிட்டல் ஆனாங்க. 1996ல "புலிப் பாய்ச்சல்"னு ஸ்கூலுக்கெல்லாம் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் குடுக்கற திட்டம் தொடங்கினாங்க, சோவியத்துல போன அம்பது வருஷத்தை ஒரே தாவா தாண்டணும்னு ஒரு வெறி. 2005லயே இன்டர்நெட் ஓட்டு. இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான். எனக்கு ரொம்ப பிடிச்சது 2017ல லக்சம்பர்க்கோட போட்ட ஒப்பந்தம். நாட்டோட முக்கியமான பதிவேடுகளோட காப்பியை அங்க ஒரு டேட்டா சென்டர்ல வெச்சிருக்காங்க, அந்த சர்வருக்கு தூதரகத்துக்கு இருக்கற மாதிரி பாதுகாப்பு, அதை லக்சம்பர்க் அரசாங்கமே அனுமதி இல்லாம தொட முடியாது. நிலம் யார் பேர்ல இருக்கு, மக்கள் யார் யார்ங்கறதெல்லாம். நாளைக்கே எவனாவது உள்ள வந்து உக்காந்தாலும் நாடு கணக்குல இருக்கும். வேற எந்த பணக்கார நாட்டுக்கு இப்படி ஒரு யோசனை வரும், சொல்லுங்க? 1940ல நாடு போனதுக்கப்புறமும் நியூயார்க்ல அவங்க துணைத் தூதரகம் மட்டும் மூடாம, பாஸ்போர்ட் குடுத்துக்கிட்டு, 1991 வரைக்கும் ஓடுச்சு. அந்த ஆபீஸோட பேரப்புள்ளைதான் இந்த லக்சம்பர்க் சர்வர்.

ஆனா அந்த சர்வர்ல இல்லாதது ஒண்ணு, நார்வாக்காரங்களோட ஞாபகம். அங்க பத்துல ஒம்பது பேருக்கு மேல ரஷ்யன் பேசறவங்க. அவங்களுக்குன்னு அரசாங்கம் ஒரு ரஷ்ய மொழி சேனல் தொடங்கினதே 2015லதான், எவ்ளோ லேட் பாருங்க. ஊர் ஓரத்துல எல்லையா ஓடறது ஒரு ஆறு, இந்தப் பக்கம் நார்வா கோட்டை, அந்தப் பக்கம் ரஷ்யாவோட இவான்கோரோட் கோட்டை, கூப்பிட்டா கேக்கற தூரம். 2023 மே 9ல ரஷ்யாக்காரங்க அந்தக் கரையில பெரிய ஸ்க்ரீனை நார்வா பாத்து திருப்பி வெச்சு வெற்றி விழா கச்சேரி போட்டாங்க, இந்தப் பக்கம் கோட்டைச் சுவர்ல அருங்காட்சியகத்துக்காரங்க புடின் போர்க் குற்றவாளின்னு பேனர் தொங்க விட்டிருந்தாங்க. நார்வாக்காரங்க கரையில நின்னு கச்சேரியை பாத்தாங்க.

உங்களுக்கு வந்த வீடியோவுல இருக்கற டாங்கி அந்த ஆத்தங்கரையில நின்னதுதான். கல்யாணம் ஆன ஜோடிங்க அங்க போய் போட்டோ எடுத்துக்கறது ஊர் வழக்கமா இருந்தது. உக்ரைன் போருக்கப்புறம் அதை எடுத்தே ஆகணும்னு அரசாங்கம் சொன்னதுல எனக்கு பெருசா மறுப்பு இல்லை, ஆனா எடுத்ததுக்கு அப்புறம் ஜனங்க வெறும் இடத்துல பூவும் மெழுகுவத்தியும் வெச்சுட்டுப் போனாங்க. அப்பாகிட்ட இதையும் சொல்லுங்க, டாங்கி பத்திரமா இருக்குன்னும் சொல்லுங்க.