28,000 ரூபாய்க்கு டேப் வாங்கும் முன் பாடநூலைத் திறந்து பாருங்கள்

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பாடநூலில் உள்ள க்யூஆர் கோடு பாதி நேரம் திறப்பதே இல்லை. வீட்டுக்கு வந்த ஒருவர், எல்லாப் பாடமும் வீடியோவாக இருக்கிறது என்று ஒரு டேப்பைக் காட்டினார். விலை 28,000 ரூபாய், மாதத் தவணையில் கட்டலாமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கோடு திறக்காததுதான் உங்களை டேப் பக்கம் தள்ளியிருக்கிறது, அதனால் அதை முதலில் பார்ப்போம்.

2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கோடு இரண்டு வகை. பாடத்துக்கானதை தீக்ஷா என்ற அரசின் இலவசக் கல்விச் செயலியில் ஸ்கேன் செய்ய வேண்டும். 'இணையச் செயல்பாடு' என்ற பெட்டிக்குள் இருப்பது தீக்ஷாவில் திறக்காது, அதற்கு போன் கேமராவோ வேறு ஸ்கேனரோதான் வேண்டும். மகளின் அறிவியல் புத்தகத்தை எடுத்து முன்பக்கங்களைப் புரட்டுங்கள், தீக்ஷாவை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிவிட்டு, கடைசியில் 'குறிப்பு' என்று இதைத்தான் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இத்தனை வருடத்தில் எத்தனை பெற்றோர் கூட்டம் நடந்திருக்கும், ஒன்றிலாவது ஒரு போனை வைத்து ஐந்து நிமிடம் செய்து காட்டியிருந்தால் இந்த வியாபாரிகளுக்கு உங்கள் வீட்டில் என்ன வேலை? இரண்டு விதமாகவும் திறக்கவில்லையா, அந்த இணைப்பு செத்துப்போயிருக்கும், விட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போங்கள்.

பாடநூல் பிடிஎஃப் அரசுத் தளத்திலேயே இலவசம். மின்சுற்று, விசை போன்றவற்றுக்கு திரையிலேயே செய்து பார்க்கும், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' (PhET) சோதனைகள் இருக்கின்றன, பல தமிழிலும் உண்டு. பேட்டரியையும் பல்பையும் மகளே இழுத்து இணைத்துப் பார்க்கலாம், கம்பியை எடுத்தால் பல்பு அணையும். ஒருமுறை இறக்கி வைத்தால் நெட் இல்லாமலும் ஓடும். வீட்டில் இருக்கும் சாதாரண போனே போதும்.

இனி அந்தத் தவணை. பலர் அதைக் கடைக்காரருக்குக் கட்டும் தவணை என்றே நினைத்துவிடுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் அது ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன், மகள் டேப்பைத் தொடாமல் மூலையில் போட்டாலும் மாதாமாதம் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். 'சும்மா பதினைந்து நாள் பாருங்கள்' என்று சொல்லி ஆதார், பான், ஓடிபி கேட்டால் உடனே வெளியே அனுப்பிவிடுங்கள். இப்படித் தெரியாமல் கையெழுத்து வாங்கும் கடன்களைப் பற்றியும், கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுப்பதைப் பற்றியும் மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் எச்சரித்தது. எச்சரித்ததோடு சரி, வீடு வீடாக வருவது நின்றபாடில்லை.

ஏற்கெனவே ஓடிபி சொல்லிவிட்டீர்கள் என்றால், விற்க வந்தவரை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். கடன் கொடுத்த நிறுவனம் எது என்று கேட்டு, ரத்து செய்யச் சொல்லி இன்றே எழுத்தில் அனுப்புங்கள், வங்கியிலும் சொல்லிவையுங்கள்.