விளம்பரங்களில் ஒலியை வைத்து நம் கவனத்தை எப்படிப் பிடிக்கிறார்கள்?

விளம்பரங்களுக்கு சவுண்ட் மிக்ஸிங் செய்வது என் தொழில். அதனால் வேலை செய்யும் இடத்திலிருந்தே சொல்கிறேன்.

விளம்பரம் தொடங்கியதும் நிறைய பேர் கண்ணைக் கைபேசிக்குத் திருப்பிவிடுவார்கள். காதை அப்படித் திருப்ப முடியாது. திரையைப் பார்க்காதவரைப் பார்க்க வைக்கும் பொறுப்பு முழுக்க ஒலியின் தலையில்தான் விழுகிறது.

இதற்கு எல்லோரும் முதலில் பிடிக்கும் குறுக்குவழி, சத்தத்தைக் கூட்டுவது. ஒளிபரப்பில் ஒலியின் உச்சத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டாமலே சத்தமாகக் கேட்க வைக்க கம்ப்ரஷன் உதவும்: மெல்லிய ஒலிகளையெல்லாம் தூக்கி உச்சத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிடலாம். நாடகத்தில் கிசுகிசுப்பும் அலறலும் மாறி மாறி வரும். இப்படிச் செய்த விளம்பரமோ முழு நேரமும் அலறிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்களுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அமெரிக்காவில் 2010இல் விளம்பரச் சத்தத்தைக் கட்டுப்படுத்தவென்றே ஒரு சட்டம் போட்டு, 2012 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதே 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் உச்சத்தை விட்டுவிட்டு, காதுக்குச் சராசரியாக எவ்வளவு சத்தம் என்று அளக்கும் முறைக்கு மாறச் சொன்னது. எங்கள் தொழிலுக்கு நடந்த மிக நல்ல காரியம் இது என்பேன்.

ஏனென்றால் காது அசைந்து கொடுப்பது மாற்றத்துக்குத்தான். ஓடிக்கொண்டே இருக்கும் மின்விசிறியின் இரைச்சல் கொஞ்ச நேரத்தில் காதில் விழாமலே போய்விடும். அது நின்றால் சட்டென்று தெரியும். முக்கியமான வசனத்துக்கு அரை நொடி முன்னால் இசையை அப்படியே வெட்டிவிட்டால், வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பவரும் தலையைத் தூக்குவார்.

ஒரு குளிர்பான விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூடி திறக்கும்போது ஒரு 'டக்', வாயு கிளம்பும் 'உஸ்ஸ்', கண்ணாடி டம்ளரில் ஐஸ் கட்டி மோதும் 'கிளிங்'. படப்பிடிப்பில் பதிவான ஒலி இதற்குப் பெரும்பாலும் உதவாது. ஸ்டுடியோவில் மைக்கை டம்ளர் விளிம்புக்கு அருகே கொண்டுபோய் ஒவ்வொன்றையும் தனியாகப் பதிவு செய்வோம். அவ்வளவு கிட்டத்தில் பதிந்த ஒலி, டம்ளர் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போன்ற உணர்வைக் கொடுத்துவிடும். அப்புறம் ஒலியின் அதிர்வெண்ணில் (ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கில்) 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் கவனிப்போம். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது அந்தப் பகுதியில்தான்; காதுக்குழாயின் அமைப்பே அதைப் பெருக்கிக் கொடுக்கிறது. அங்கே இசையைச் சற்றுக் குறைத்தால், மொத்தச் சத்தம் ஏறாமலே பேசும் குரல் முன்னால் வந்து நிற்கும்.

ஒலி ருசியையும் தொடும். மாசிமிலியானோ ஸாம்பினி, சார்லஸ் ஸ்பென்ஸ் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடிப்பவர்களுக்கு அவர்கள் கடிக்கும் சத்தத்தையே ஹெட்போனில் கேட்க வைத்தார்கள். அதன் உயர் அதிர்வெண்களைக் கூட்டியபோது, அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாகச் சாப்பிட்டவர்கள் சொன்னார்கள்.

பிடித்த கவனத்தை நினைவில் உட்கார வைப்பது குட்டி இசைத்துணுக்குகளின் வேலை. என்பிசி வானொலியின் மூன்று மணியோசை 1950இல் அமெரிக்காவில் வணிகச் சின்னமாகவே பதிவானது. அங்கே அப்படிப் பதிவான முதல் ஒலி அதுதான். இசையமைப்பாளர் வால்டர் வெர்சோவா 1994இல் கணினிச் சிப் நிறுவனமான இன்டெலுக்கு அமைத்த துணுக்கு சுமார் மூன்று நொடிதான். ஒரே துணுக்கை மாற்றாமல் வருடக்கணக்கில் ஒலிக்கவிடும் பொறுமைதான் இதில் பாதி வேலை. அந்தப் பொறுமை பல நிறுவனங்களுக்கு இருப்பதில்லை.

ஒன்றை மட்டும் நான் ஏற்பதே இல்லை: வானொலி விளம்பரத்தில் ஆம்புலன்ஸ் சைரன், வண்டி ஹாரன், பிரேக் கிறீச்சிடும் சத்தம். கவனம் உடனே திரும்பும், உண்மைதான். ஆனால் கேட்பவர் அந்த நேரத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம். வண்டி ஓட்டுபவர்களுக்கு ஆபத்தாகக்கூடிய ஒலிகள் வானொலி விளம்பரத்தில் வரக்கூடாது என்று பிரிட்டனின் விளம்பர விதிகள் சொல்கின்றன. எந்த ஊரில் வேலை செய்தாலும் அதையே என் விதியாகவும் வைத்துக்கொள்கிறேன்.