மாரி மழை ஏன் இப்படிக் கொட்டுகிறது? கேள்வி பதில்

உரும்பிராய் வாசகர்: பூமி சூடானால் வறட்சிதானே வர வேணும், ஐயா? மழை எப்படிக் கூடும்?

இரண்டும் வரும். வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். வெயில் நாளில் மண்ணையும் குளத்தையும் கூடுதலாக உறிஞ்சும், பெய்யும்போது மொத்தமாகக் கொட்டும். மாரி மழையை நம்பி விதைக்கிற காலபோக நெல்லுக்கு இந்த இரண்டும் ஆகாது.

குருநகர் மீனவர்: அப்ப புயல்களும் கூடுமோ அண்ணை?

எண்ணிக்கை கூடாமலும் இருக்கலாம். கூடப்போவது கடும் புயல்களின் பங்கும் அவை கொண்டுவரும் மழையும். நாங்களோ காற்றின் வேகத்தை மட்டும் கேட்டுவிட்டு ஆறுதல்படுகிறோம். 2008 நவம்பரில் வந்த நிஷா காற்றில் பெரும் புயல் அல்ல. யாழ் குடாநாட்டை வெள்ளக்காடாக்கியது அதன் மழை. 2020 டிசம்பரில் புரெவி வலுவிழந்த பிறகும் மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்று இரு கரைக்கும் பொழிந்தது. வானொலியில் 'வலுவிழந்தது' என்றால் காற்றுத்தான் குறைந்தது, மழை அல்ல. இந்த இரண்டையும் வெப்பமாதல்தான் கொண்டுவந்தது என்று நான் சொன்னதாக மட்டும் எழுதிப்போடாதேயுங்கோ. தனிப் புயல் ஒவ்வொன்றையும் தனியாக ஆராய வேணும்.

ரொறன்ரோ வாசகர்: இங்கே பனிக்காலம் சுருங்குகிறது என்கிறார்கள். ஆனால் ஒரே இரவில் வாசல் மூடிப்போகிறதே?

கடுங்குளிர் காற்றில் ஈரம் குறைவு. உறைநிலையை ஒட்டிய குளிரில்தான் பனி அள்ளிக் கொட்டும். அதோடு ஏரி உறையாமல் கிடந்தால் மேலே வரும் குளிர்காற்று ஈரத்தை வாங்கிக் கரையில் போடும். 2022 நவம்பரில் உங்களுக்குப் பக்கத்துப் பஃபலோவின் புறநகரில் ஏறத்தாழ 2 மீற்றர் விழுந்தது இந்த வகையில்தான். வெப்பம் இன்னும் ஏறினால் அதுவும் மழையாகிவிடும்.

சாவகச்சேரி மாணவி: மழை கூடினால் கிணறு நிரம்பும். நல்லதுதானே?

பாதி நல்லது, தங்கச்சி. எங்கள் நிலத்தடிச் சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே தண்ணீரை வேகமாகக் குடிக்கும். அதே வெடிப்புகளால் மலசலகூடக் குழியின் அழுக்கும் கிணற்றுக்கு வரும். வெள்ளம் புகுந்த கிணற்றை, வெள்ளம் வடிந்த பிறகு இறைத்துக் குளோரின் போடுங்கள். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். ஆனாலும் கொட்டித்தீர்க்கிற மழையில் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்க நேரமில்லாமல் கடலுக்கு ஓடிவிடும். கடல்மட்டம் உயர உயர, நன்னீருக்கு அடியில் கிடக்கும் உவர்நீரும் மேலேறும்.

நல்லூர் வாசகர்: எங்கள் ஒழுங்கையில் வெள்ள வாய்க்காலை மூடி மதில் கட்டிவிட்டார்கள். முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். இதுவும் புவி வெப்பமாதலா?

இல்லை, இது மதில். ஐப்பசிக்கு முதலே சபைக்கு எழுதிக் குடுங்கோ.