‘என் இனிய இயந்திரா’ முடித்தாயிற்று, அடுத்த அறிவியல் புனைகதை நாவலை எப்படித் தேடுவது?

திருவாரூர் பக்கம் என்றும், சுஜாதாவின் அந்த நாவலோடு அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வையும் முடித்துவிட்டதாகவும், ஆங்கிலத்திலும் வாசிப்பேன் என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ‘தலைசிறந்த நூறு’ வகைப் பட்டியல்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். படித்து முடித்த நாவலில் எந்த இடத்தில் சாப்பிடக்கூட எழுந்திருக்க மனம் வரவில்லையோ, அங்கிருந்து தேடுங்கள்.

மாயவரத்தில் எங்கள் வீட்டையே சொல்கிறேன். தம்பிக்கு ஜீனோ வரும் பக்கங்கள் போதும். ஒரு இயந்திர நாய் புத்தகம் படித்து, மனிதர்களைவிடத் தெளிவாக யோசிக்கிறதே என்று மாய்ந்து போவான். அக்காவுக்கு நாய் பெரிதாகப் படவில்லை. பெயருக்கு இரண்டே எழுத்து, குழந்தை பெற அரசு அனுமதி என்று வரும் அந்த நாடுதான் அவளைத் தூங்கவிடவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே புத்தகத்தைச் சிபாரிசு செய்தால் சரிப்படுமா?

தம்பிக்கு அசிமோவின் ‘ஐ, ரோபோட்’ கொடுத்தேன். 1950இல் வந்தது, நாவல் என்பதைவிட ஒன்பது கதைகளின் கோர்வை. ரோபோக்களுக்கு மூன்று விதிகளைப் போட்டுவிட்டு, அவை ஒன்றோடொன்று முட்டினால் என்ன ஆகும் என்று கதைக்குக் கதை சோதித்துப் பார்க்கிறார். ஒரு கதையில், புதன் கிரகத்தில் ஒரு குட்டையிலிருந்து செலினியம் என்ற தனிமத்தை எடுத்துவரப் போன ரோபோ திரும்பி வராது. கிட்டே போனால் ஆபத்து, திரும்பினால் கட்டளையை மீறியதாகும். இரண்டும் சம பலத்தில் இழுக்க, அந்தக் குட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். ஆங்கிலமும் எளிது.

அக்காவுக்கு ரஷ்யரான ஸம்யாதின் எழுதிய ‘வீ’. ஆங்கிலத்தில் 1924லேயே வந்துவிட்டது. அதில் யாருக்கும் பெயரே கிடையாது, எண்தான். கதை சொல்பவன் டி-503. வீட்டுச் சுவரெல்லாம் கண்ணாடி, திரையை இறக்கவும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஆர்வெல் இந்த நாவலுக்கு 1946இல் மதிப்புரை எழுதினார், இதேபோல் அரசு எல்லாரையும் கண்காணிக்கும் நாட்டைப் பற்றிய அவருடைய ‘1984’ நாவல் மூன்று வருடம் கழித்து வந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் அருமையாக இருக்கும்.

ஆனால் டெல்டாக்காரர் ஒருவர் தவறவிடக் கூடாதது பிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ (1965) என்பது என் அழுத்தமான கருத்து. ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா, திறந்தாலும் கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்று வருடா வருடம் பேசுகிற ஊர் நம்முடையது. பாலைவனக் கிரகம் ஒன்றில் நடக்கும் அந்த நாவல் முழுக்கத் தண்ணீர்க் கணக்குதான். உடம்பின் வியர்வையைச் சுத்திகரித்துத் திரும்பக் குடிக்க ஒரு உடுப்பு போட்டிருப்பார்கள். பாலைவனத் தலைவன் ஒருவன் பிரபுவின் மேஜைமேல் எச்சில் துப்புவான். சுற்றி நிற்பவர்கள் கொதித்து எழ, ஒருவன் மட்டும் தன் உடம்பின் ஈரத்தைக் கொடுத்ததற்காக அவனுக்கு நன்றி சொல்வான். வறண்ட ஆற்றில் மணலைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி சட்டென்று பிடிபட்டுவிடும். ஆரம்பத்தில் புதுச் சொற்கள் மிரட்டும், பின்னால் அருஞ்சொற்பட்டியல் இருக்கிறது, புரட்டிக்கொள்ளுங்கள்.

விருதுப் பட்டியல்களும் உதவும்தான். அறிவியல் புனைகதைக்கான விருதுகளில் ஹியூகோ வாசகர்கள் ஓட்டுப் போட்டுத் தருவது, நெபுலா எழுத்தாளர்கள் தருவது. இரண்டையும் வாங்கிய நாவல் பெரும்பாலும் ஏமாற்றாது. இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க்கின் ‘தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பேரடைஸ்’ (1979) அப்படி ஒன்று. அதே தீவைக் கற்பனையில் நிலநடுக்கோட்டுக்கு நகர்த்தி, அங்கிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுகிறார்கள்.

அப்புறம், நூலகம். அறிவியல் புனைகதைக்குத் தனி அலமாரி இருக்கும் என்று தேடாதீர்கள், மற்ற நாவல்களோடு கலந்துதான் கிடக்கும். எழுத்தாளர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்’ என்று 1931இல் விதி எழுதிய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நம் சீர்காழியில் பிறந்தவர், அதனால் கூச்சமில்லாமல் கேட்கலாம். வாங்குவதாக இருந்தால் முதலில் கிண்டிலில் இலவச மாதிரிப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள்.

ஜீனோவில் உங்களைப் பிடித்து நிறுத்திய இடம் எது என்று கருத்தில் எழுதுங்கள். அதற்கேற்ற மாதிரி இன்னும் இரண்டு பெயர் சொல்கிறேன்.